காருக்குள் பிளாஸ்டிக்குக்குப் புது நிறம்: டப்பா ஸ்ப்ரேயா, ஸ்டிக்கரா, பட்டறை பெயின்டா?

எங்கள் வீட்டுக் காருக்குப் பதினான்கு வயது. என்ஜினில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தால்தான் வயது தெரியும். கைப்பிடியில் இருந்த வெள்ளி நிறம் செதில் செதிலாக உரிந்திருந்தது. ஜன்னல் சுவிட்ச் இருக்கும் பலகையில் விரல் பட்டுப்பட்டு ஒரு பக்கம் வெளுத்துவிட்டது. கியரைச் சுற்றியுள்ள பாகம் முழுக்க அப்பாவின் மோதிரம் போட்ட கீறல். பாபநாசத்தில் வீடு, வயல் இரண்டு கிலோமீட்டர் தள்ளி. களிமண் காலோடு ஏறி இறங்கும் வண்டி அது. அறுப்புக் காலத்தில் நெல் தூசும் சேர்ந்துகொள்ளும்.

இதைச் சரிசெய்ய மூன்று வழிகளைச் செய்து பார்த்துவிட்டேன். கடையில் கிடைக்கும் ஸ்ப்ரே டப்பா, மேலே ஒட்டும் வினைல் ஸ்டிக்கர், பட்டறையில் ஹார்டனர் என்ற இறுக்கும் திரவம் கலந்து அடிக்கும் பியூ (பாலியூரிதேன்) பெயின்ட். என் ஓட்டு மூன்றாவதற்குத்தான். பழைய பாகத்தைக் கழற்றிவிட்டு வேறு பாகம் மாட்டுவதும் ஒரு வழிதான். ஆனால் இத்தனை பழைய மாடலுக்குப் புதுப் பாகம் கிடைப்பது அபூர்வம். சென்னை புதுப்பேட்டை வரை போய்ப் பழைய பாகம் தேடினாலும், அதுவும் நம்முடையதைப் போலவே உரிந்துதான் இருக்கும். அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் செய்தது டப்பா ஸ்ப்ரே. 2021 பங்குனியில் கருப்பு மேட் டப்பா இரண்டு வாங்கி, கைப்பிடிகளையும் சுவிட்ச் பலகைகளையும் கழற்றி, கொல்லைப்புறத்தில் வைத்து அடித்தேன். அன்று மாலை பார்த்தபோது கடையிலிருந்து வந்த புதுப் பாகம் போலவே இருந்தது. கொரோனா இரண்டாம் அலை நேரம் அது. எல்லோர் கையிலும் சானிடைசர். கைகளில் தடவிக்கொண்டு அந்த ஈரம் காயும் முன்பே கதவைத் திறப்போம். ஒரே மாதத்தில் கைப்பிடி பிசுபிசுக்கத் தொடங்கியது. பிறகு விரல் படும் இடத்தில் மட்டும் நிறம் கரைந்து, அடியில் இருந்த பழைய வெள்ளி எட்டிப் பார்த்தது. யார் கையும் படாத பாகங்கள் மட்டும் அப்படியே இருந்தன.

ஏன் இப்படி ஆனது என்று கும்பகோணத்தில் உள்ள ஒரு பெயின்டரிடம் கேட்டேன். “தம்பி, டப்பா பெயின்டு காயும், இறுகாது. ரெண்டும் வேற” என்றார். இந்த அலசலில் நான் முக்கியமாகச் சொல்ல வருவதும் இதைத்தான். சாதாரண டப்பாவில் இருக்கும் அக்ரிலிக் பெயின்டிலிருந்து தின்னர் ஆவியாகிப் போனதும் மிச்சம் கெட்டியாகிறது. அவ்வளவுதான். வெல்லப்பாகு ஆறிக் கெட்டியானாலும் தண்ணீர் பட்டால் மறுபடி கரைவதைப் போல, ஆல்கஹாலோ தின்னரோ பட்டால் இதுவும் இளகிவிடும். பியூ பெயின்ட் சிமென்ட் போன்றது. ஹார்டனர் கலந்ததும் உள்ளே ரசாயன வினை நடந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இறுகிவிடும். அதன் பிறகு அது பழைய நிலைக்குத் திரும்பாது.

அவர் காட்டவும் செய்தார். பட்டறையில் கிடந்த ஒரு பியூ அடித்த துண்டையும், நான் கொண்டுபோயிருந்த டப்பா அடித்த துண்டையும் பக்கத்தில் வைத்துத் தின்னர் நனைத்த துணியால் துடைத்தார். என் துண்டில் இருந்த கருப்பு இரண்டாவது இழுப்பில் துணிக்கு வந்துவிட்டது. அவருடைய துண்டில் மினுமினுப்புக்கூடக் குறையவில்லை.

வண்டிக்குள் யாரும் தின்னர் ஊற்றப் போவதில்லைதான். ஆனால் வியர்வை, தலைக்குத் தேய்த்த எண்ணெய், சானிடைசர், கொசு கடிக்காமல் இருக்கத் தடவும் களிம்பு எல்லாம் கை வழியாக அதே பாகத்துக்குத்தான் தினமும் போகின்றன. கொசு விரட்டிகளில் பலவற்றில் இருக்கும் டீட் என்ற பொருள் பெயின்டையும் பிளாஸ்டிக்கையுமே இளக்கக்கூடியது. சாயங்காலமானால் கொசுவுக்குத் தப்ப முடியாத எங்கள் ஊர்ப் பக்கம் இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. அதனால் எந்த வழியைத் தேர்ந்தாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி, அந்த இடத்தில் கை படுமா என்பதுதான்.

சரி, ஸ்டிக்கர். கியரைச் சுற்றியுள்ள பாகத்துக்கு மட்டும் கார்பன் டிசைனில் ஒட்டிப் பார்த்தேன். கழற்றாமலேயே அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. தட்டையான இடத்தில் நன்றாகத்தான் இருந்தது. வளைவில் இழுத்து ஒட்டிய ஓரங்கள் சித்திரை வெயிலில் பின்வாங்கி, அடியில் இருந்த பசை வெளியே வந்து தூசியைப் பிடித்துக்கொண்டது. நான் ஒட்டியது ஒரே பாகம்தான், ஒரு வருடம்தான் வைத்திருந்தேன். ஓரத்தை ஹீட் கன் வைத்து நன்றாகச் சுருக்கி, பின்பக்கம் வரை மடித்து ஒட்டத் தெரிந்தவர் கையில் இது இன்னும் நிற்கலாம். பிடிக்காவிட்டால் உரித்துவிடலாம் என்பது அதன் பெரிய வசதி. வண்டியைச் சீக்கிரம் விற்கப் போகிறவர்களுக்கு அது போதும்.

பியூ அடித்தது 2022 பிப்ரவரியில், சம்பா அறுப்பு முடிந்த கையோடு. மாதத்தைப் பார்த்துத்தான் நாள் குறித்தோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றில் இருக்கும் ஈரம் பெயின்டின் மேல் படிந்து புகை படர்ந்தது போல வெளுத்துவிடும். ஹார்டனருக்கும் ஈரம் ஆகாது. அதே சமயம், சாலையில் நெல் காயப்போட்டுத் தூற்றும் நாட்களிலும் அடிக்கக்கூடாது. பதர் பறந்து வந்து ஒட்டினால் மறுபடி தேய்க்க வேண்டியதுதான்.

செலவைக் குறைக்க, கழற்றுவதையும் கழுவுவதையும் நானே செய்துகொண்டேன். நேரம் முழுக்க இதில்தான் போயிற்று. வருடக்கணக்காகத் தடவிய டாஷ்போர்டு பாலிஷில் சிலிகான் இருக்கும். அது ஒரு துளி மிச்சமிருந்தாலும் பெயின்ட் அங்கே ஒதுங்கி மீன் கண் போலக் குழி விழும். பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய டூத் பிரஷும் வைத்து மூன்று முறை தேய்த்துக் கழுவி, காயவைத்து, ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடைத்தேன். துடைத்த துணியை மறுபடி மறுபடி மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் எடுத்த சிலிகானையே திரும்பப் பூசுவோம். தோல் போன்ற வரிகள் உள்ள பாகத்தில் உப்புத்தாள் போடாதீர்கள், வரி அழிந்துவிடும். சாம்பல் நிற ஸ்காட்ச் பிரைட் போதும். வரியே இல்லாத வழவழப்பான பாகத்துக்கு 600 நம்பர் வாட்டர் பேப்பர். உரிந்துகொண்டிருக்கும் பழைய நிறத்தை மட்டும் முழுக்க எடுத்துவிட வேண்டும். அதன் மேல் அடித்தால் இரண்டும் சேர்ந்தே உரியும்.

பாகத்தின் முதுகில் சின்ன எழுத்தில் பிளாஸ்டிக்கின் வகை அச்சாகியிருக்கும். ஏபிஎஸ் என்றால் பெயின்ட் எளிதாகப் பிடிக்கும். ஆனால் கடுமையான தின்னர் கொண்டு துடைத்தால் அதில் மயிரிழை விரிசல் விழும். பிபி, அதாவது பாலிப்ரொப்பிலீன் என்றால் தாமரை இலையில் தண்ணீர் கதைதான். எதுவும் அதில் எளிதில் ஒட்டாது. அதற்கென்று இருக்கும் நிறமில்லாத பிளாஸ்டிக் பிரைமரை முதலில் மெல்லிசாக அடித்தே ஆக வேண்டும். தண்ணீரில் மிதந்தால் பிபி, மூழ்கினால் ஏபிஎஸ் என்று ஒரு சோதனை சொல்வார்கள். டால்க் என்ற கல்மாவு கலந்த பிபியும் மூழ்கும், அதனால் எழுத்தைப் பார்ப்பதே நல்லது.

அதன் மேல் நிறம் இரண்டு மெல்லிய கோட், கடைசியாக ஹார்டனர் கலந்த மேட் கிளியர், அதாவது மினுக்காத, நிறமில்லாத மேல்பூச்சு. அடிக்கும் வேலையை நான் தொடவில்லை. ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஸ்ப்ரே கன்னில் அடிக்கும்போது அந்தப் பனி மூச்சில் போனால் ஆஸ்துமாவே வரலாம். துணி மாஸ்க் அதைத் தடுக்காது, அதற்குரிய ஃபில்டர் மாஸ்க் வேண்டும். அடியில் உள்ள குமிழைத் தட்டினால் ஹார்டனர் கலக்கும் டப்பாக்களும் உண்டு. அதற்கும் இதே எச்சரிக்கைதான். தட்டிய பிறகு மிச்சத்தை எடுத்து வைக்கவும் முடியாது, உள்ளேயே இறுகிவிடும்.

அன்று சாயங்காலமே தொட்டால் ஒட்டவில்லை. ஆனாலும் பெயின்டர் சொன்னபடி ஒரு வாரம் பரண் மேல் வைத்துவிட்டுத்தான் மாட்டினேன். மாட்டும் முன் ஒரு பாகத்தின் முதுகில் பிளேடால் குறுக்கும் நெடுக்கும் கீறி, டேப் ஒட்டி வெடுக்கென்று இழுத்துப் பார்த்தேன். ஒரு துணுக்குகூட வரவில்லை.

எனக்கு ஆன செலவு 3,500 ரூபாய். டப்பாவுக்கு 700 ஆகியிருந்தது. மூன்று கோடையும் மூன்று மழைக்காலமும் தாண்டி, கைப்பிடிகள் அன்று மாட்டியபடியே இருக்கின்றன. சுவிட்ச் பலகையில் ஒரு கீறல் மட்டும் விழுந்திருக்கிறது. பியூவின் குறை அங்கேதான்: மேட் கிளியரில் அந்த இடத்தை மட்டும் தொட்டு மறைக்க முடியாது, திட்டாகத் தெரியும். பாகம் முழுக்கத் தேய்த்துத்தான் மறுபடி அடிக்க வேண்டும். டப்பா அடித்ததாக இருந்தால் ஐந்து நிமிட வேலை.

அதனால் டப்பாவை நான் ஒதுக்கிவிடவில்லை. கை படாத இடங்களில், பின் சீட்டுக்குப் பக்கவாட்டில் கீழே உள்ள பலகை, ஏசி காற்று வரும் ஜாலியின் ஓரச்சட்டம் போன்றவற்றில், நன்றாகக் கழுவிப் பிரைமரும் போட்டு அடித்தால் அதுவே போதும். டாஷ்போர்டின் மேல்பகுதிக்கு மட்டும் மினுக்கும் பெயின்டோ வெளிர் நிறமோ வேண்டாம், முன் கண்ணாடியில் பிரதிபலித்து எதிரே வருவதை மறைக்கும். ஏர்பேக் மூடிகளை எந்தப் பெயின்டாலும் தொடாதீர்கள். விபத்தில் அது பிளக்க வேண்டிய விதம் மாறிவிடக்கூடும்.

ஆர்ம்ரெஸ்ட் இன்னும் பாக்கி இருக்கிறது. கை ஊன்றினால் அமுங்கும் ரெக்சின் அது, இறுக்கமான கிளியர் அதன் மேல் வெடித்துவிடும் என்று பெயின்டர் அடிக்க மறுத்துவிட்டார். வளைந்து கொடுக்கும் வினைல் டை, அதாவது ரெக்சினுக்கான சாயம், வாங்கி வைத்திருக்கிறேன். தை பிறந்ததும் அதைக் கழற்ற வேண்டும்.