‘உப்பளம்’ என்றோர் இதழுக்குத் தலைப்பெழுத்து: எழுத்துருக்களின் ஒப்பீடு

புதுச்சேரியிலிருந்து ஒரு காலாண்டிதழ் தொடங்குவதாகவும், அதற்கு ‘உப்பளம்’ என்று பெயர் சூட்டுவதாகவும் வைத்துக்கொள்வோம். தலைப்பு இலச்சினைக்கு எழுத்துரு தேடுபவர்கள் பெரும்பாலும் ஒரு பட்டியலைத் திறந்து, இது நவீனமாக இருக்கிறது, அது பழமையாக இருக்கிறது என்று பொதுத் தோற்றத்தை வைத்தே முடிவு செய்கிறார்கள். உரைப்பகுதிக்கு அந்த முறை ஓரளவு பொருந்தும். அங்கே ஏறக்குறைய எல்லா எழுத்துகளும் வந்துபோகும். தலைப்பிலோ ஐந்தே எழுத்துகள்தான் இருக்கின்றன. அந்த ஐந்தும் ஒன்றன் பக்கத்தில் ஒன்று எப்படி நிற்கின்றன என்பதே இங்கு முதன்மையான கேள்வி.

‘உப்பளம்’ என்ற சொல்லில், எழுத்துகள் நிற்கும் அடிக்கோட்டுக்குக் கீழே வால் இறக்கும் எழுத்து எதுவும் இல்லை. மேலே எழுபவை இரண்டு புள்ளிகள் மட்டுமே. ‘ழ’, ‘ரு’ போன்றவை வரும் பெயர்களுக்கு மேலும் கீழும் இடம் விடவேண்டியிருக்க, இந்தப் பெயர் ஒரு பட்டைக்குள் அடங்கிவிடுகிறது. சிக்கல் ‘ப்ப’ என்ற இடத்தில்தான் எழுகிறது. இரண்டு பகரங்கள் அடுத்தடுத்து நிற்கும்போது நான்கு செங்குத்துக் கோடுகள் வரிசையாக வருகின்றன. பகரத்தின் உள்வெளியும் இரு பகரங்களுக்கு இடைப்பட்ட வெளியும் ஒரே அகலமாக அமைந்துவிட்டால், கண்ணுக்கு எழுத்து தெரியாமல் கம்பிவேலி தெரியும். எந்த எழுத்துருவைச் சோதித்தாலும் நான் முதலில் பார்ப்பது இந்த இடைவெளியைத்தான்.

இலக்கிய இதழ் என்றதும் பலர் மரபான அச்செழுத்துச் சாயலை நாடுவார்கள். டீரோ தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ் இரண்டும் அந்த வகையைச் சேர்ந்தவை; கோடுகள் தடித்தும் மெலிந்தும் மாறி வருவதால் ‘ள’, ‘ம’ ஆகியவற்றின் வளைவுகள் பெரிய அளவில் மிக அழகாகத் தெரிகின்றன. ஆனால் டீரோ தமிழில் இயல்பும் சாய்வும் மட்டுமே உண்டு, தடிப்பு வகை கிடையாது. அட்டையில் அடர்நிறப் பின்னணி மேல் வெள்ளையாகத் தலைப்பை விடும்போது நான்கு வண்ண அச்சில் மை சற்றுப் பரவினாலும், வண்ணங்கள் மயிரிழை விலகினாலும், மெல்லிய கோடுகள் முதலில் அடைபட்டுப் போகும். நோட்டோ செரிஃபில் பல தடிப்புகள் இருப்பதால் இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டலாம். இருந்தாலும் அது எல்லாப் பயன்பாட்டுக்கும் பொதுவாகச் செய்யப்பட்ட எழுத்துரு. அதை அப்படியே தலைப்பில் வைத்தால் இதழுக்கெனத் தனி முகம் அமைவது கடினம்.

பலூ தம்பி இதற்கு நேர் எதிரானது. உருண்டு திரண்ட அதன் எழுத்துகள் தொலைவிலிருந்தும் படிக்கும்படி இருப்பதால் சிறுவர் இதழுக்கோ உணவுக் கடையின் பெயர்ப்பலகைக்கோ நன்றாகப் பொருந்தும். கட்டுரையும் கவிதையும் தாங்கிவரும் இதழுக்கு அந்தக் குதூகலம் ஒட்டாது. தாரிக் அசீஸ் வடிவமைத்த கவிவாணர் சாய்ந்த கையெழுத்துச் சாயல் கொண்டது. அழைப்பிதழில் அழகாக இருக்கும், தலைப்பில் வலுக்குறைந்து நிற்கும்.

மீதமிருப்பவை ஒரே சீரான கோடுகளால் ஆன எழுத்துருக்கள். பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கட்டமரன் ஒன்பது தடிப்புகளில் கிடைக்கிறது. ஏக் டைப் நிறுவனத்தின் முக்தா மலரும் இந்த வகையில் நல்ல தேர்வே. எனினும் என் பார்வையில் இவற்றை முந்துவது அதே நிறுவனத்தின் அனேக் தமிழ். தடிப்போடு அகலத்தையும் தனியாக மாற்றிக்கொள்ளலாம் என்பதே காரணம். அகலத்தைக் குறைத்தால் ‘ப்ப’ உடனே நெரிகிறது. இயல்புக்குச் சற்று மேலே கூட்டினால் பகரத்தின் உள்வெளி விரிந்து, எழுத்திடைவெளியிலிருந்து தெளிவாக வேறுபடுகிறது. அட்டையின் முழு அகலத்துக்கும் தலைப்பை நீட்டவேண்டிய இடத்தில், எழுத்தைக் கணினியில் இழுத்துச் சிதைக்காமலேயே அதைச் செய்ய முடிகிறது.

புதுச்சேரி இதழ் என்பதால் இன்னொரு சோதனையும் உண்டு. நீலப் பின்னணியில் தமிழும் பிரெஞ்சும் சேர்ந்து நிற்கும் தெருப்பெயர்ப் பலகைகளுக்குப் பழகிய ஊர் இது. இதழின் பெயருக்கு அடியில் ஒரு பிரெஞ்சு வரி வைக்க ஆசிரியர் குழு விரும்பக்கூடும். அப்போது எழுத்தின் மேலும் கீழும் குறியிடும் பிரெஞ்சு வடிவங்கள் அந்த எழுத்துருவில் உள்ளனவா என்று பார்க்கவேண்டும். இலத்தீன் பெரிய எழுத்துகளின் பக்கத்தில் தமிழ் சிறுத்துத் தெரியும் என்பதால், பிரெஞ்சு வரியைச் சிறிய எழுத்துகளிலேயே அமைப்பது நல்லது.

இவை எல்லாவற்றுக்கும் போட்டியாக, ஓவியரிடம் எழுதி வாங்கும் பழைய வழி இன்னும் இருக்கிறது. ஓவியர் கே.எம். ஆதிமூலம் சிற்றிதழ்களுக்கும் நூல் அட்டைகளுக்கும் எழுதித் தந்த தூரிகை எழுத்துகளைப் பார்த்தவர்கள் எந்த எழுத்துருவிலும் எளிதில் மனநிறைவு அடையமாட்டார்கள். ஓவியர் அந்த ஐந்து எழுத்துகளை மட்டும் மனத்தில் கொண்டு எழுதுகிறார். இரண்டு பகரங்களை வெவ்வேறு அகலத்தில் போடும் உரிமை அவருக்கு உண்டு, எழுத்துருவுக்கு இல்லை. ஆனால் தூரிகையின் சிலும்பல்கள் கைப்பேசித் திரையில் முகப்புப் படமாக வரும் சிறு வட்டத்துக்குள் கரைந்துபோகும். அதற்கென்று எளிமையாக்கிய இரண்டாம் வடிவம் ஒன்றையும் அவரிடமே கேட்டு வாங்கவேண்டும்.

நல்ல ஓவியர் கிடைத்தால் அவரிடமே போகலாம். கிடைக்காவிட்டால், அனேக் தமிழைச் சற்று அகலமாக, நடுத்தரத் தடிப்பில் எடுத்துக்கொண்டு, ‘ப்ப’வின் இடைவெளியைக் கையால் திருத்துவதே என் தேர்வு. இங்கே பெயர் சொன்ன எழுத்துருக்கள் திறந்த எழுத்துரு உரிமத்தில் கிடைப்பதால் இலச்சினையில் பயன்படுத்தக் கட்டணமோ தடையோ இல்லை; ‘தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும்’ என்ற குறிப்போடு இணையத்தில் இலவசமாகத் தரப்படும் எழுத்துருக்கள் அப்படியல்ல. திருத்தம் முடிந்ததும் எழுத்தை வளைகோடாக, அச்சகத்தார் சொல்வதுபோல் ‘கர்வ்ஸ்’ ஆக, மாற்றிக் கொடுத்துவிட்டால், அச்சகக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாமற்போனாலும் தலைப்பு உருமாறாது.