இன்வெர்ட்டர் போட்டு ரெண்டு வருஷம் ஆச்சு, எப்படி இருக்குன்னு சொல்றேன்

எங்க ஏரியால மாசாந்திர பராமரிப்புன்னு காலைல 9 மணிக்கு கரண்ட நிறுத்தினா சாயங்காலம்தான் வரும், அதுக்காகவே 900 விஏ சைன் வேவ் (வீட்டு கரண்ட் மாதிரியே சீரா வர்ற வகை) இன்வெர்ட்டரும் 150 ஏஎச் டியூபுலர் பேட்டரியும் வாங்கினோம். விஏன்னா இன்வெர்ட்டர் எவ்ளோ லோடு தாங்கும்னு, ஏஎச்னா பேட்டரி எவ்ளோ சேத்து வெக்கும்னு. கடைக்காரர் ஸ்கொயர் வேவே (கரண்ட் அலை சீரா இல்லாம வெட்டு வெட்டா வர்ற வகை) போதும் சார், விலை கம்மின்னு தலைல கட்டப் பாத்தார். நல்லவேளை மாட்டல, அம்மா வீட்ல அதான் இருக்கு, ஃபேன் போட்டா காதுக்குள்ள வண்டு பூந்த மாதிரி ஙொய்ய்னு ஒரே சத்தம்.

3 ஃபேன், 4 எல்இடி லைட், வைஃபை ஓடினா 4 மணி நேரம் தாராளமா நிக்குது. அப்புறம் ரெண்டு ஃபேன மட்டும் பிஎல்டிசிக்கு (கரண்ட் கம்மியா இழுக்கற மோட்டார் ஃபேன்) மாத்தினோம், பழசு 75 வாட் இழுக்கும், இது 30 சொச்சம்தான், இப்ப 6 மணி நேரம் கிட்ட வருது. பெரிய பேட்டரிக்கு காசு போடறதுக்கு இதுவே மேல்.

கடுப்பு சர்வீஸ்ல தான். பேட்டரில தண்ணி அளவு காட்டற மிதவை சிவப்புக்கு எறங்கிடுச்சு, டிஸ்டில்டு வாட்டர் ஊத்த ஆள் அனுப்புங்கன்னு மூணு தடவ போன் பண்ணியும் ஒருத்தரும் வரல, கடைசில நானே 5 லிட்டர் கேன் வாங்கி புனல் வெச்சு பச்சை வரைக்கும் ஊத்தினேன். அப்புறம் மிக்ஸிய மட்டும் இதுல போட்றாதீங்க, எங்க வீட்ல தேங்கா சட்னி பாதி அரைபடும்போதே ஓவர்லோடுன்னு கத்திட்டு நின்னுடுச்சு.