ஹெட்டரா, சூப்பர்சார்ஜரா, கியரா? பழைய 4.0 ஜீப்புக்கு இழுவை எதில் வரும்

பழைய ஜீப் ராங்ளரில் 33 இன்ச் டயரை மாட்டியவுடன் வரும் முதல் புகார் ஒன்றுதான்: "வண்டி இழுக்கல." அடுத்து பார்ட்ஸ் பட்டியலைப் புரட்ட ஆரம்பிப்பார்கள். கோன் ஃபில்டர் (கூம்பு வடிவக் காற்று வடிகட்டி), பெரிய த்ராட்டில் பாடி (பெடலை மிதித்தால் திறக்கும் காற்று வாய்), ஸ்பேசர் (அதனடியில் வைக்கும் இடைத்தகடு), ஹெட்டர் (இன்ஜின் புகையை வெளியே எடுக்கும் குழாய்த் தொகுதி), சிப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றுவது) என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் விளம்பரமும் சொல்லும் குதிரைத்திறனைக் கூட்டிப் போட்டால், ஆறு சிலிண்டர் ஜீப் ஒரு வி8 வண்டியையே முந்திவிட வேண்டும். ரோட்டில் அப்படி எதுவும் நடப்பதில்லை.

பேச்சு பொத்தாம்பொதுவாகப் போகாமலிருக்க ஒரே வண்டியை எடுத்துக்கொள்கிறேன். 1997 முதல் 1999 வரையிலான ராங்ளர் டிஜே, 4.0 லிட்டர் இன்லைன் சிக்ஸ், ஏஎக்ஸ்15 ஐந்து கியர் பாக்ஸ், அச்சில் 3.07 ரேஷியோ (சக்கரம் ஒருமுறை சுற்ற, அச்சுக்கு வரும் ஷாஃப்ட் 3.07 முறை சுற்ற வேண்டும்). 1987-இல் தொடங்கி 2006 வரை ஜீப் வண்டிகளில் ஓடிய இன்ஜின் இது. 1997 டிஜேயில் கம்பெனி சொன்ன சக்தி 4,600 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இத்தனை இன்ஜின் சுற்று) 181 குதிரைத்திறன். டார்க் (சுழற்றும் விசை) 2,800 ஆர்பிஎம்மில் சுமார் 301 நியூட்டன் மீட்டர்.

இந்த இரண்டு ஆர்பிஎம் எண்களும் முக்கியம். குதிரைத்திறன் என்பது டார்க்கை இன்ஜின் வேகத்தால் பெருக்கி வரும் கணக்கு. பாறையிலும் சேற்றிலும் ஊர்ந்து போகும்போது இன்ஜின் பெரும்பாலும் 1,000-க்கும் 2,500-க்கும் நடுவில்தான் சுற்றும். 4,500-இல் பத்து குதிரைகளைக் கூட்டித் தரும் பார்ட்டால் அங்கே ஒரு பயனும் இல்லை. அதனால் எத்தனை குதிரை கூடும் என்பதை விட, எந்த ஆர்பிஎம்மில் கூடும் என்பதை வைத்தே ஒவ்வொன்றையும் எடை போடுகிறேன்.

காற்று உள்ளே போகும் வழி

நான்கு லிட்டர் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவு காற்றை உள்ளிழுக்கிறது. 4,600 ஆர்பிஎம்மில் அதிகபட்சம் நிமிடத்துக்கு 9,200 லிட்டர். 2,000 ஆர்பிஎம்மில் 4,000 லிட்டர், அதாவது பாதிக்கும் குறைவு. கம்பெனி ஃபில்டரும் குழாயும் மேல் வேகத்துக்கே ஏறக்குறைய ஈடுகொடுப்பவை. கீழ் வேகத்தில் அவை தடையாக இருக்க வாய்ப்பே இல்லை.

கோன் ஃபில்டரில் வேறு வம்பும் இருக்கிறது. பெட்டியைக் கழற்றிவிட்டு பானட்டுக்குள் கோனைத் திறந்தபடி வைத்தால், இன்ஜின் சூட்டில் வெந்த காற்றையே அது இழுக்கும். காற்றின் வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் அடர்த்தி சுமார் 3 சதவீதம் குறையும். ஊர்ந்து போகும்போது பானட்டுக்குள் ஏறும் சூடு 10 டிகிரியோடு நிற்காது. உறுமல் சத்தம் கூடுவதால் சக்தி கூடியதுபோல் தோன்றும், அவ்வளவுதான். எண்ணெய் தடவிய துணி ஃபில்டர்கள் காகித ஃபில்டரை விட நுண்தூசியை அதிகம் உள்ளே விடக்கூடியவை. புழுதியில் ஓடும் வண்டிக்கு இதைவிட மோசமான பேரம் கிடையாது. குளிர்ந்த காற்றுக்காகக் குழாயைக் கீழே இறக்கினால் ஆற்றைக் கடக்கும்போது தண்ணீரை உறிஞ்சிவிடும், கனெக்டிங் ராட் வளைந்து போகும். ஸ்நார்கெல் (காற்றை உயரத்திலிருந்து இழுக்கும் குழாய்) போடுவதென்றால் தூசிக்காகவும் தண்ணீருக்காகவும் போடுங்கள். பிக்கப்புக்காக வேண்டாம்.

பெரிய த்ராட்டில் பாடியின் தந்திரம் வேறு. 60 மில்லிமீட்டர் வாயை 64 ஆக்கினால் பரப்பு 14 சதவீதம் கூடும். அதே அளவு பெடலை மிதித்தால் முன்பை விட அதிகக் காற்று போகும், அதனால் கால் வைத்ததுமே வண்டி பாய்வதுபோல் இருக்கும். பெடலை இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தால் பழைய பாடியிலும் இதே பாய்ச்சல் வந்திருக்கும். முழுசாக மிதித்து மேல் ஆர்பிஎம்மில் ஓட்டும்போதுதான் உண்மையான லாபம் சிறிது உண்டு. பாறையில் இந்தத் துள்ளல் உபத்திரவம். அங்கே பெடல் மெதுவாகப் பேச வேண்டும்.

ஸ்பேசருக்கு ஒரே பத்தி போதும். கார்ப்பரேட்டர் காலத்தில் பெட்ரோலும் காற்றும் கலந்தே மேனிஃபோல்டுக்குள் (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துத் தரும் குழாய்த் தொகுதி) போனதால் அந்த இடைவெளிக்கு ஒரு வேலை இருந்தது. இந்த இன்ஜினில் பெட்ரோல் ஒவ்வொரு சிலிண்டர் வாயிலும் தனித்தனி இன்ஜெக்டரிலிருந்து தெறிக்கிறது. மேலே காற்றை எவ்வளவு சுழற்றி விட்டாலும் மேனிஃபோல்டின் வயிற்றில் அந்தச் சுழற்சி அடங்கிவிடும். வாங்காதீர்கள்.

இந்தப் பக்கத்தில் நான் மதிக்கும் ஒரே மாற்றம், 1999 முதல் ஜீப்பின் எக்ஸ்ஜே செரோக்கியிலும் 2000 முதல் டிஜேயிலும் வந்த இன்டேக் மேனிஃபோல்டு. அதன் குழாய்கள் நீளத்தில் ஒன்றுக்கொன்று சமமாக வளைந்து இறங்குகின்றன, அதனால் சிலிண்டர்களுக்குள் காற்று பங்கு பிரிவது சீராகிறது. பழைய இரும்புக் கடையில் கழற்றிய மேனிஃபோல்டே போதும். பவர் ஸ்டீயரிங் பம்ப் தாங்கி இடிக்கிறதா, ஃப்யூல் ரயில் பொருந்துகிறதா என்பதை மட்டும் வாங்குமுன் பார்க்க வேண்டும்.

புகை வெளியே போகும் வழி

4.0 இன்ஜினில் இன்டேக்கும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம். மேலே இன்டேக், அடியில் எக்ஸாஸ்ட். இரண்டையும் பிடிக்கும் போல்ட்டுகள் பொது, கேஸ்கட்டும் ஒன்றே. ஹெட்டர் மாற்ற இன்டேக்கைக் கழற்றியாக வேண்டும். மேலே சொன்ன மேனிஃபோல்டை மாற்றும் எண்ணம் இருந்தால் இரண்டையும் ஒரே மூச்சில் முடிப்பதுதான் லாபம்.

இந்த இன்ஜினுக்கு ஹெட்டர் வாங்குபவர்களில் பலர் சக்திக்காக வாங்குவதில்லை. ஹெட்டரின் இடத்தில் இருக்கும் கம்பெனி எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு சூட்டில் விரிந்து சுருங்கி விரிசல் விடுவது பிரசித்தம். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பியதும் டிக் டிக் என்று சத்தம் வந்து, சூடேறியதும் அடங்கினால் முதல் சந்தேகம் அங்கேதான். விரிசல் வழியே காற்று கசிந்தால் ஆக்ஸிஜன் சென்சார் ஏமாந்து, இசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டும். எப்படியும் மாற்றத்தான் வேண்டும் என்றால், நெகிழும் பெல்லோஸ் (மடிப்புக் குழாய்) வைத்த ஹெட்டராக வாங்குங்கள். மெல்லிய தகட்டில் செய்த மலிவு ஹெட்டர் அதே இடத்தில் திரும்பவும் விரிசல் விடும்.

பைப்பில் பெரிதாக இருந்தால் நல்லது என்ற எண்ணம் தவறு. இன்ஜினுக்கு எதிர்ப்பழுத்தம் தேவை என்று சொல்வதும் தவறுதான். தேவைப்படுவது புகையின் வேகம். வேகமாக ஓடும் புகை தனக்குப் பின்னால் அடுத்த சிலிண்டரின் புகையை இழுத்துப் போகும். பைப் அகலமானால் கீழ் ஆர்பிஎம்மில் அந்த ஓட்டம் சோர்ந்துவிடும். இந்த இன்ஜினுக்கு இரண்டரை இன்ச் தாராளம். மூன்று இன்ச் போட்டு, வாங்க நினைத்த டார்க்கை வெளியே விட்டவர்கள் உண்டு.

புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றி எறிவது ரோட்டில் ஓடும் வண்டிக்கு அமெரிக்கச் சட்டப்படி குற்றம். கலிஃபோர்னியாவில் ஹெட்டருக்கும் இன்டேக்குக்குமே காற்றுவள வாரியத்தின் அனுமதி எண் வேண்டும். ஆனால் அடைத்துப்போன கன்வெர்ட்டரை மாற்றிப் புதிது போட்டால், எந்த ஹெட்டரும் தராத உயிர் வண்டிக்குத் திரும்பும். கால் நூற்றாண்டு ஓடிய வண்டியில் பார்ட்ஸ் வாங்குமுன் கம்ப்ரெஷன் டெஸ்ட், வேக்குவம் கேஜ், பெட்ரோல் அழுத்தம் (டிஜேயில் 49 பிஎஸ்ஐ, அதாவது சதுர இன்ச்சுக்கு 49 பவுண்டு இருக்க வேண்டும்) மூன்றையும் பார்த்துவிடுங்கள். காணாமல் போன குதிரைகள் பெரும்பாலும் அங்கேதான் கட்டிக்கிடக்கும்.

சிப், இன்ஜெக்டர், ஃபேன்

1987 முதல் 1990 வரையிலான ரெனிக்ஸ் என்ற இன்ஜின் கட்டுப்பாட்டு முறையில் நாக் சென்சார் (இன்ஜின் தட்டுவதை உணர்வது) இருந்தது. 1991-இல் வந்த ஹை அவுட்புட் இன்ஜினில் அது போய்விட்டது. ஆகவே சிப் மூலம் இக்னிஷன் டைமிங்கை முன்னே தள்ளினால், இன்ஜின் தட்டும்போது இசியூவுக்கு அது கேட்காது. உயர்ரக பெட்ரோலுக்கும் செலவழித்து, பிஸ்டனையும் பணயம் வைத்து, கிடைப்பது சொற்பம். டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி டைமிங் ஏற்றும் பழைய கை வைத்தியமும் இதில் பலிக்காது. ஸ்பார்க் நேரத்தை கிராங்க் சென்சார் பார்த்து இசியூ முடிவு செய்கிறது.

நான்கு துளை இன்ஜெக்டர் பெட்ரோலைப் பொடியாகத் தூவும். ஐடிலிங் சீராகும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். எலக்ட்ரிக் ஃபேன் மேல் வேகத்தில் கொஞ்சம் சுமையைக் குறைக்கும், தண்ணீரில் இறங்கும்போது அணைத்து வைக்கவும் வசதி. ஆனால் ஊர்ந்து போகையில் குளிர்விக்க வேண்டிய பொறுப்பை வயரிங்கிடம் ஒப்படைக்கிறீர்கள். நான் ஒப்படைக்க மாட்டேன்.

சூப்பர்சார்ஜர்

போல்ட் போட்டு மாட்டுவதில் நிஜமான சக்தி வேண்டுமென்றால், பெல்ட்டில் ஓடிக் காற்றை இன்ஜினுக்குள் திணிக்கும் இதுதான். வெளிக்காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் 14.7 பிஎஸ்ஐ. அதன் மேல் 6 பிஎஸ்ஐ ஏற்றினால் கணக்குப்படி 41 சதவீதம் கூடுதல் அழுத்தம். சூடும் பெல்ட் சுமையும் ஒரு பங்கைத் தின்றுவிடும், மிச்சமே போதுமான அளவு. மலையில் இதன் அருமை தெரியும். 3,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தை விடச் சுமார் கால் பங்கு குறைவு. அந்த இழப்பை ஈடுகட்டக் காற்றைத் திணித்தாக வேண்டும், ஃபில்டரும் ஹெட்டரும் அங்கே கைவிரித்துவிடும்.

வாங்குவதென்றால் ரூட்ஸ் அல்லது இரட்டைத் திருகு வகை. அவை சுற்றுக்கு இவ்வளவு என்று அளந்து காற்றைத் தள்ளுவதால் 1,500-லேயே அழுத்தம் வந்துவிடும். சென்ட்ரிஃப்யூகல் வகையில் சுற்றுவேகம் ஏற ஏறத்தான் அழுத்தம் ஏறும். நெடுஞ்சாலைக்கு அது சரி, பாறைக்கு உதவாது.

விலை கிட்டோடு முடிவதில்லை. பெரிய இன்ஜெக்டர், பெட்ரோல் அளவைத் திருத்த ஒரு வழி, நல்ல ரேடியேட்டர் எல்லாம் கூடவே வரும். 2000 அல்லது அதற்குப் பிந்தைய இன்ஜினாக இருந்தால் சிலிண்டர் ஹெட்டில் 0331 என்ற வார்ப்பு எண் இருக்கிறதா பாருங்கள். விரிசலுக்குப் பேர்போன ஹெட் அது, அதன் மேல் அழுத்தம் ஏற்றுவது வம்பை விலைக்கு வாங்குவது. பின்னால் டானா 35 அச்சு இருந்தால், கூடுதல் டார்க் முதலில் உடைத்துப் பார்ப்பது அதைத்தான்.

கியர்

இது இன்ஜின் பார்ட் இல்லை, ஆனால் எல்லாவற்றுக்கும் போட்டியாக நிற்பது இதுதான். கம்பெனி டயர் சுமார் 28 இன்ச். 33 போட்டதும் சக்கரத்தில் 15 சதவீத இழுவை போய்விடுகிறது. 3.07 ரேஷியோ 2.60 போல நடந்துகொள்ளும். ஐந்தாவது கியரில் மணிக்கு 105 கிலோமீட்டரில் முன்பு 1,900 ஆர்பிஎம் சுற்றிய இன்ஜின் இப்போது 1,600-இல் முனகும். டார்க் உச்சம் 2,800-இல் இருக்க, 1,600-இல் ஒரு சின்ன மேட்டுக்கே நான்காவதுக்கு இறக்க வேண்டியிருப்பதில் என்ன ஆச்சரியம்?

4.10 போட்டால் அதே வேகத்தில் சுமார் 2,150 ஆர்பிஎம், 33 டயரோடும் பழைய 28 இன்ச் நிலையை விட 13 சதவீதம் கூடுதல் இழுவை. 4.56 போட்டால் 2,400 ஆர்பிஎம், 26 சதவீதம். எல்லா கியரிலும், ஐடிலிங்கில் தொடங்கி எல்லா வேகத்திலும். லோ ரேஞ்சில் (ஊர்ந்து போவதற்கான மெதுவான நிலை) முதல் கியரின் மொத்த ரேஷியோ 32-லிருந்து 47-க்கு மேல் போகும், பிரேக்கைத் தொடாமல் பாறையிறங்கலாம். இன்டேக், த்ராட்டில், ஹெட்டர் மூன்றும் சேர்ந்து முழு மிதியில் பத்து சதவீதம் தந்தாலே அதிர்ஷ்டம் என்பேன்.

குறை இல்லாமல் இல்லை. முன் பின் இரண்டு அச்சிலும் ஒரே ரேஷியோ வேண்டும். முன்னால் உள்ள டானா 30 அச்சில் 3.55 வரை ஒரு கேரியர் (பல்சக்கரத்தைத் தாங்கும் கூடு), 3.73 முதல் வேறு கேரியர். ஆக 3.07-லிருந்து ஏறினால் அதுவும் செலவு. பேக்லாஷ் (பற்களுக்கிடையே விடும் தளர்வு), பல் பதியும் தடம் இரண்டையும் டயல் கேஜ் வைத்துப் பார்க்கத் தெரிந்த கை வேண்டும். ஹெட்டரை வீட்டு வாசலில் மாற்றிவிடலாம். இதைக் கற்றுக்கொள்ளும் முதல் வண்டியாக உங்கள் வண்டியைத் தராதீர்கள்.

என் கணக்கில் வரிசை இப்படி: முதலில் பழுது பார்த்தல், அடுத்து 4.56 கியர். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு விரிசல் விட்ட அன்று நல்ல ஹெட்டரும் புதிய இன்டேக்கும் சேர்த்து. உயரமான மலையில் அடிக்கடி ஓட்டுபவர் மட்டும் கியருக்குப் பிறகு சூப்பர்சார்ஜரைப் பற்றி யோசிக்கலாம், அதற்குள் பின் அச்சையும் மாற்றியிருந்தால். 31 இன்ச்சோடு நிற்பவருக்கு 4.10 போதும், நெடுஞ்சாலையில் காதும் பிழைக்கும்.

கியர் மாற்றிய அன்றே டிரான்ஸ்ஃபர் கேஸில் (முன் பின் அச்சுகளுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) செருகியிருக்கும் ஸ்பீடோமீட்டரின் சின்ன பிளாஸ்டிக் பல்சக்கரத்தையும் மாற்றிவிடுங்கள். புது டயருக்கும் புது ரேஷியோவுக்கும் பொருந்தும் பல் எண்ணிக்கை வேறு. விட்டுவிட்டால் முள் காட்டும் வேகமும் ஓடோமீட்டர் ஏற்றும் கிலோமீட்டரும் பொய்யாகவே இருக்கும், மைலேஜ் கணக்கும் குழம்பும்.