சிலேட்டா, சுவர்க் கரும்பலகையா?

ஒன்றாம் வகுப்புக்கு எழுதிப் பழகச் சிலேட்டே போதும் என்றுதான் நானும் பல ஆண்டுகள் இருந்தேன். 2007-08இல், பிள்ளைகள் தாமே செய்து கற்கும் செயல்வழிக் கற்றல் முறை தமிழ்நாடு முழுவதும் வந்தபோது வகுப்பறைச் சுவர்களின் அடிப்பகுதியில் பிள்ளைகளின் உயரத்துக்கு அமைக்கப்பட்ட கரும்பலகை, எங்கள் வகுப்பில் பின்னாளில் சுண்ணாம்புக்குள் மறைந்துவிட்டது. சென்ற கோடை விடுமுறையில் அதே இடத்தில் மீண்டும் கறுப்பு வண்ணம் அடித்து, பிள்ளைக்கு ஒரு கட்டமாகப் பிரித்துக் கொடுத்தேன்.

சிலேட்டு மலிவு, வீட்டுக்கும் கொண்டு போகலாம். உடைவதும், சிலர் பல்பத்தைத் தின்பதும் எல்லோரும் அறிந்தவை.

என்னை மாற வைத்தது வேறொன்று. சிலேட்டில் எழுதும் பிள்ளை குனிந்து மறைத்து எழுதுவதால், முடிந்த எழுத்துதான் நம் கண்ணுக்கு வருமே தவிர, எழுதிய கை வருவதில்லை. ‘ட’வின் படுக்கைக் கோட்டை வலக்கோடியிலிருந்து இடப்பக்கமாக இழுத்து, பிறகு மேலே ஏறி முடிக்கும் பிள்ளையின் சிலேட்டில் எழுத்து சரியாகவே இருக்கும், ‘டி’ எழுதச் சொல்லும்போதுதான், மேல்விலங்கை எங்கிருந்து வளைப்பது என்று தெரியாமல் அந்தக் கை நின்றுவிடும். சுவரில் எழுதும்போது, அறையின் நடுவில் நின்றபடியே இருபது கைகளும் எந்தப் பக்கம் நகர்கின்றன என்று பார்த்து, தவறும் கையை அப்போதே பிடித்துத் திருத்த முடிகிறது. “டீச்சர், பாருங்க” என்று சிலேட்டோடு மேசையை மொய்க்கும் கூட்டமும் இல்லை. அறுபது பிள்ளைகள் வரை இரண்டே ஆசிரியர்கள் என்னும் கணக்கில் ஐந்து வகுப்புகளையும் நடத்தும் தொடக்கப் பள்ளியில், அந்தக் கூட்டம் கலைய ஆகும் நேரத்தில்தான் பக்கத்து வகுப்பைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பராமரிப்பில் சுவர்ப் பலகைக்கு வேலை அதிகம் என்பதை மறைக்கவில்லை. தினமும் மாலையில் ஈரத் துணியால் துடைக்க வேண்டும். ஆண்டுக்கொரு முறை வண்ணமும் அடிக்க வேண்டும் போலிருக்கிறது. சாக்பீஸ் தூசியால் இருமும் ஒரு பிள்ளைக்கு வாசலோரக் கட்டத்தைக் கொடுத்திருக்கிறேன். நான் கையாள்வது ஒன்றும் இரண்டும்தான். மூன்றாம் வகுப்புக்கு மேல் இது பொருந்தும் என்று சொல்ல எனக்கு அனுபவமில்லை.

மழைக்காலத்தில் சுவர் ஈரம் கோத்துச் சாக்பீஸ் வழுக்குவதால், பழைய சிலேட்டுகளைத் துடைத்து அலமாரியிலேயே வைத்திருக்கிறேன்.