குதிகால் உடைந்தவருக்கு மறுநாளே ஆபரேஷன் என்கிறார்களா? கொஞ்சம் நில்லுங்கள்

மரத்திலிருந்தோ சாரத்திலிருந்தோ விழுந்தவரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆஸ்பத்திரியின் பெயரைப் போடவில்லை, போட்டால் வேறு வம்பு.

பாபநாசம் பக்கம் தேங்காய் பறிக்க ஏறிய எங்கள் மாமா கால் ஊன்றி விழுந்தார். வலது குதிகால் நொறுங்கியது, மணிக்கட்டும் ஒடிந்தது. கால் பந்து மாதிரி வீங்கி, இரவுக்குள் கொப்புளமும் கிளம்பிவிட்டது. "இடுப்புக்கு மேல பிடுங்குது தம்பி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். டியூட்டி டாக்டர் காதில் அது ஏறவில்லை. "விழுந்தா வலிக்கத்தான் செய்யும்."

மறுநாள் காலையிலேயே பேக்கேஜ் பேச ஆள் வந்தார். காப்பீட்டு அட்டையை நீட்டினால், அதற்கு அனுமதி வர நாளாகும், பணம் கட்டினால் இன்றே பிளேட் வைத்துவிடலாம், தள்ளிப்போட்டால் காலே போய்விடும் என்றார். சர்க்கரை எவ்வளவு என்று பார்த்ததோடு சரி, குறையும்வரை காத்திருக்கவில்லை. சிடி ஸ்கேனும் எடுக்கவில்லை. அத்தை நகையை அடகு வைத்துவிட்டு வருவதற்குள் தியேட்டருக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

தையல் போட்ட இடம் கறுத்துப் பிரிந்து சீழ் வைத்தது. உள்ளே பிளேட் தெரிந்தது. அப்புறம்தான் தஞ்சாவூர் மெடிக்கலுக்குக் கொண்டுபோனோம். அங்கே முதலில் முதுகைத்தான் ஸ்கேன் எடுத்தார்கள். இடுப்புப் பக்கத்து முதுகெலும்பிலும் முறிவு. குதிகால் ஊன்றி விழுந்தால் அந்த வேகம் அப்படியே முதுகுக்கு ஏறுமாம். குதிகால் முறிந்தவர்களில் பத்தில் ஒருவருக்காவது முதுகெலும்பும் உடைந்திருக்கும் என்றார்கள். அத்தனை நாளும் அவரைப் புரட்டிப் புரட்டிப் படுக்கவைத்திருந்தோம்!

அங்கே கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். பல இடத்தில் அடிபட்டவருக்குத் தலை, நெஞ்சு, வயிறு, முதுகு எல்லாம் பார்த்த பிறகுதான் குதிகால். அதைத் திறந்து பிளேட் வைப்பதற்கு வீக்கம் வடிந்து தோலில் சுருக்கம் விழ வேண்டும், பெரும்பாலும் 1 முதல் 2 வாரம். 3 வாரம் தாண்டினால் எலும்பு கோணலாகவே ஒட்ட ஆரம்பிக்கும், அதனால் ரொம்பவும் தள்ளிப்போடக் கூடாது. தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரிந்தாலோ, உடைந்த துண்டு குதிகாலின் பின்பக்கத் தோலை முட்டி வெளுக்க வைத்தாலோ உடனே கவனிக்க வேண்டும். மாமாவுக்கு இரண்டும் இல்லை. சர்க்கரையும் புகைப்பழக்கமும் இருந்தால் புண் ஆறுவது கஷ்டம். பிரிட்டனில் 2014-ல் வெளியான ஓர் ஆய்வில், ஆபரேஷன் செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் 2 வருஷம் கழித்து வலியிலும் நடையிலும் பெரிய வித்தியாசமே இல்லை. குதிகால் உருவமே கோணிப்போன கேஸ்களை அதில் சேர்க்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பிளேட்டைக் கழற்றியாகிவிட்டது. மாமா இன்னும் வாக்கரில்தான்.

கேஸ் ஷீட்டை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002 விதிமுறையே சொல்கிறது. கேட்டு வாங்கினோம். அதில் முதுகு 'நார்மல்' என்று எழுதியிருக்கிறார்கள், எடுக்காத எக்ஸ்ரேக்கு. அந்தத் தாளையும் வைத்துத்தான் நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கப்போகிறோம்.