ஞாயிறு மதிய வாசிப்புக்கு: இணைப்பிதழா, செல்போனா, பழைய கலைக்களஞ்சியமா?

2023 ஆகஸ்ட் 23, புதன்கிழமை, சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. அந்த ஞாயிறு சாப்பிட்ட கையோடு நிலவைப் பற்றி வாசிக்க உட்கார்ந்தேன். வீட்டில் மூன்று வழி இருந்தது.

நாளிதழின் ஞாயிறு இணைப்பு சுடச்சுட இருக்கும், அரைமணியில் தீரும், திங்களன்று பழைய பேப்பர் கட்டில் சேரும். தமிழ் விக்கிப்பீடியாவுக்குக் காசு வேண்டாம். 2003இல் தொடங்கியதிலிருந்து புதுத் தகவல் ஏறிக்கொண்டே இருக்கிறது. இதெல்லாம் தெரிந்த கதைதான்.

நான் சாய்ந்தது மூன்றாவதன் பக்கம். பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து, தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை வெளியிட்ட கலைக்களஞ்சியம். மொத்தம் 10 தொகுதி. பழைய புத்தகக் கடையில் எனக்கு ஒன்பதுதான் அகப்பட்டது.

என்னை இழுத்தது ஒன்றே ஒன்று: அகரவரிசை. சந்திரனைத் தேடிப் போனால் முதலில் சந்தனம் வழிமறிக்கும். அதைத் தாண்டினால் சந்திரகுப்தர் நிற்பார். மரம், மௌரிய அரசு, வானியல் என்று ஒரே மதியத்தில் மூன்று ஊர் சுற்றிய மாதிரி. செல்போனோ நேற்று எதைத் தொட்டேனோ அதையே இன்றும் பரிமாறும். நிலவு என்று ஒருமுறை தேடிவிட்டால் ஒரு வாரத்துக்கு நிலவுதான். அகரவரிசைக்கு என் விருப்பம் பற்றி அக்கறையே இல்லை. அந்த அலட்சியம் எனக்குப் பிடித்திருக்கிறது.

பழசுதான், மறுக்கவில்லை. கடைசித் தொகுதி வந்து அடுத்த ஆண்டுதான் ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால் வைத்தார். சென்னை மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் மாறியதும் அதே 1969இல்தான். அறிவியலுக்கும் அரசியலுக்கும் இதை மட்டும் நம்பினால் மாட்டிக்கொள்வீர்கள். வரலாற்றிலும் கீழடியைத் தேடாதீர்கள். அங்கே அகழாய்வு தொடங்கியதே 2015இல்.

பராமரிப்பும் உண்டு. இராமபாணப் பூச்சிக்கு இந்தக் காகிதம் விருந்து. அலமாரியில் வசம்பு போட்டு வைத்திருக்கிறேன், இதுவரை தாங்குகிறது. இடமில்லாதவர்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் இலவசமாகவே இருக்கிறது. ஆனால் போனில் திறந்தால் நடுவில் வாட்ஸ்அப் எட்டிப் பார்க்கும். தூரனின் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தில் இரண்டு தொகுதிதான் புரட்டியிருக்கிறேன், அதனால் அதை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை.

அன்று சந்திரன் கட்டுரைக்கு வந்து சேர நாலரை மணி ஆகிவிட்டது. நிலவில் நீர் மூலக்கூறு இருப்பதைச் சந்திரயான்-1 எப்படிக் கண்டுபிடித்தது என்று பார்க்க, போனைத்தான் எடுத்தேன்.