சுங்கை சிப்புட் வாழையிலைச் சாப்பாடு: எடையைக் கவனிப்பவர் சொல்லி வாங்கும் விதம்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்தில் மதியம் மேசை கிடைக்காத வாழையிலைக் கடைகளில் இதுவும் ஒன்று. சைவ இலை 9 வெள்ளி (ரிங்கிட்). சோறு, காய், குழம்பு, ரசம் எதைத் திரும்பக் கேட்டாலும் கூடுதல் காசு இல்லை. ருசியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மிளகு ரசத்தைத் தனியாகவே குடிக்கலாம். உடம்பு எடையைக் கட்டுக்குள் வைக்க நினைப்பவருக்குச் சரிப்படுமா என்றால், சொல்லி வாங்கத் தெரிந்தால் சரிப்படும்.

சுகாதார அமைச்சு சொல்லும் தட்டுக் கணக்கு ‘சுக்கு சுக்கு செபாரோ’. (சுக்கு என்றதும் கஷாயம் வேண்டாம், மலாயில் கால் பங்கு; செபாரோ என்றால் பாதி.) கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி அல்லது பருப்பு, மீதிப் பாதி காயும் பழமும். இந்தக் கடை இலையில் அது தலைகீழ். முதலில் விழும் சோறே ஏறக்குறைய 350 கிராம். வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமுக்குச் சுமார் 130 கலோரி. ஆக, குழம்பு ஊற்றும் முன்பே 455. காய் மூன்று வகை, வகைக்கு ஒரு சின்னக் கரண்டி. மூன்றும் சேர்ந்து 120 கிராம் தேறினால் அதிகம். விடியற்காலையில் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவி, வாளியில் பால் சுமந்தவர்களுக்கு அந்தச் சோறு வேண்டியிருந்தது. இன்று நாள் முழுக்க நாற்காலியில் இருப்பவருக்கும் அதே அளவுதான் விழுகிறது.

எப்போது சொல்கிறோம் என்பது முக்கியம். சோறு விழுந்தபின் கையைக் காட்டிப் பயனில்லை. இலை போட்டதுமே, “அண்ணே, சோறு பாதி போதும், கீரைய ரெண்டு தடவ வைங்க” என்று சொல்லிவிட வேண்டும். முகம் சுளிக்காமல் வைக்கிறார்கள். 150 கிராம் சோறு என்றால் 195 கலோரி. பொன்னிச் சோறு (புழுங்கல் அரிசி) கேட்டால் கலோரி குறையும் என்று நம்புபவர்கள் உண்டு. புழுங்கல் அரிசி இரத்தச் சர்க்கரையைக் கொஞ்சம் நிதானமாக ஏற்றும். கலோரியில் பெரிய வித்தியாசம் இல்லை.

காய் என்ற பெயரில் வருவதெல்லாம் காய்க் கணக்கில் சேராது. உருளைக்கிழங்கு மசாலா சோற்றோடு சேர வேண்டியது. மொறுமொறு பாகற்காய் மாவில் புரண்டு எண்ணெயில் முங்கி எழுந்தது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி என்பதை நினைத்துக்கொண்டு தொட வேண்டும். கீரை, முட்டைக்கோஸ், பயத்தங்காய், வெள்ளரிப் பச்சடி ஆகியவற்றால் பாதி இலையை நிரப்பலாம்.

உண்மையான வில்லன் குழம்புதான். சோற்றின் மேல் ஊற்றிவிட்டால், குழம்பு மிஞ்சியது என்று சோறு, சோறு மிஞ்சியது என்று குழம்பு. அதற்கு முடிவே கிடையாது. கிண்ணத்தில் தனியாகக் கேளுங்கள், தருகிறார்கள். மீன் குழம்பில் மேலே மிதக்கும் எண்ணெயை ஒதுக்கிக் கரண்டியை உள்ளே விடச் சொல்லலாம். கோழிக் குழம்பில் அது நடக்காது, தேங்காய்ப் பாலோடு எண்ணெய் கலந்துவிட்டது. பொரித்த மீனுக்குப் பதில் குழம்பு மீன் துண்டு வாங்குவது மேல். சைவம் என்றால் பருப்பும் தயிரும் கூட்டிக்கொள்ளுங்கள்; இல்லாவிட்டால் நாலு மணிக்கே பசிக்கும்.

தண்ணி விஷயத்தில் இந்தக் கடைக்குப் பாதி மதிப்பெண்தான். நுரை வர ஆற்றித் தரும் பால் தேநீரான தே தாரிக்கில் 40 கிராம் கெட்டிப்பால் ஊற்றினால் சீனி மட்டும் 20 கிராமைத் தாண்டும். உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சேர்க்கும் சீனியை 25 கிராமுக்குள் வைத்தால் நல்லது என்கிறது. ‘கூராங் மானிஸ்’ (இனிப்பு குறைவாக) என்றால் கலக்குபவரின் கைக்கு ஏற்ப மாறும். ‘கோசோங்’ (சீனி இல்லாமல்) என்று சொன்னால்தான் கணக்கு நிற்கும்: தே ஓ கோசோங், பால் வேண்டுமென்றால் தே சி கோசோங்.

தாப்பாவ் (பொட்டலம் கட்டி எடுத்துப்போவது) வாங்குவதைப் பரிந்துரைக்க முடியாது. பொட்டலத்தில் சோற்றை அமுக்கி வைப்பதால் அளவு கண்ணுக்குத் தெரிவதில்லை. காய் ஒரே தடவைதான், திரும்பக் கேட்கவும் வழியில்லை. கட்டாயம் என்றால் ஒரு பொட்டலத்தை இருவர் பிரித்துக்கொண்டு, வீட்டில் கீரை வதக்கிச் சேர்ப்பது ஒரு வழி.

ஒரு எச்சரிக்கை. இனிப்புநீருக்கு (நீரிழிவு) இன்சுலின் ஊசி போடுபவர்களும், கிளிக்லசைட் போன்ற மாத்திரை எடுப்பவர்களும் சோற்றைத் திடீரென்று பாதியாக்கினால் சர்க்கரை தாழ்ந்து கை நடுங்கும், வியர்க்கும். கிளினிக்கில் கேட்டு மருந்தளவைச் சரிசெய்துகொண்டு பிறகு குறையுங்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஊறுகாய், மோர்மிளகாய், கருவாடு மூன்றையும் தள்ளி வைக்கலாம். இங்கே உப்பு தாராளம்.

பன்னிரண்டு மணிக்கே போய்விடுங்கள். ஒன்றரைக்கு மேல் கீரைச் சட்டி காலி. மிச்சம் இருப்பது உருளைக்கிழங்கும் மொறுமொறு பாகற்காயும்தான்.